சொல்லாத புருவம்

பிப்ரவரி 4, ஞாயிறு

பெட்டி கட்டியாயிற்று. ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், பிரஷர் மாத்திரை, ஷேவிங் செட், இந்த டைரி. கோத்தகிரியில் ஒன்பது நாள். எதற்கு? உள்ளுணர்வு ஓவியம் கற்றுக்கொள்ள. முப்பத்தோரு வருஷம் போலீசில் குற்றவாளிகளின் முகம் வரைந்த நல்லசிவத்துக்கு, மைத்ரேயி என்று ஒரு பெண்மணி பிரஷ் பிடிக்கச் சொல்லித்தரப் போகிறாராம். காலக்கொடுமை.

நோட்டீசை மகள் வெண்ணிலா வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். "உங்களை நீங்களே சந்திக்க ஒன்பது நாட்கள். வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை." வரையத் தெரியாதவன் வரையலாமென்றால் நாளைக்கு ஓட்டத் தெரியாதவன் பஸ் ஓட்டலாம் என்பார்கள். என்னை நான் தினமும் காலையில் ஷேவிங் கண்ணாடியில் சந்திக்கிறேன். அந்தச் சந்திப்பே எனக்கு அதிகம்.

ஆனாலும் போகிறேன். என் மகள் மூன்று வருஷம் கழித்து போன் செய்து கேட்ட முதல் விஷயம் இது. ரிட்டயர் ஆன எட்டு மாதத்தில் நான் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன், தட்டை விட்டெறிகிறேன் என்று எதிர்வீட்டுக்காரி வத்தி வைத்திருக்கிறாள். "போயிட்டு வாங்கப்பா. வந்து நேரா எங்க வீட்டுக்கு வாங்க. பதினேழாம் தேதி பாப்பாவுக்கு மொத பொறந்தநாள்." எங்க வீடு என்றால் அந்த ஆளுடைய வீடு. வேறு சாதி, வேறு மதம், டைல்ஸ் கடை. மேற்கொண்டு எழுதினால் மைக்குத்தான் கேடு. சரி என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்தச் 'சரி'யை மூன்று வருஷம் முன்பே என் வாயிலிருந்து பிடுங்கியிருப்பாள்.

19ஆம் தேதி கோர்ட். சடையாண்டி கேஸ். ஒரு அம்மாவின் சங்கிலியை அறுத்து, அவர் கீழே விழுந்து செத்துப்போன வழக்கு. நான் வரைந்த படத்தை வைத்துப் பிடித்த ஆள், மூன்று வருஷமாக உள்ளே இருக்கிறான். நான் கூண்டில் ஏறி, "சாட்சி சொன்னார், அப்படியே வரைந்தேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு இறங்க வேண்டியது. அவ்வளவுதான் வேலை. சம்மனையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். வீட்டில் இருந்தால் தொலைந்துவிடும் என்பதற்காக.

பிப்ரவரி 5, திங்கள்

வந்து சேர்ந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பஸ்ஸில் இரண்டு பேர் வழியெல்லாம் வாந்தி எடுத்தார்கள். இறங்கிப் பார்த்தால் இரண்டு பேரும் தங்களைச் சந்திக்க இங்கேதான் வந்திருக்கிறார்கள்.

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே பழைய பங்களா. சுவர் முழுக்கச் சார்ட் பேப்பரைக் குத்தி வைத்திருக்கிறார்கள். நின்றுகொண்டேதான் வரைய வேண்டுமாம். எல்.கே.ஜி. பிள்ளைகள் வைத்திருக்கும் போஸ்டர் கலர், வாளித் தண்ணீர், ஆளுக்கொரு சமையல்கட்டு ஏப்ரன். மொத்தம் எட்டுப் பேர்.

மைத்ரேயிக்கு நாற்பத்தைந்து இருக்கும். கழுத்தில் மரமணி மாலை, காலில் பூட்ஸ். குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசி, பக்கத்தில் போய்க் கேட்க வைக்கிறார். சட்டங்கள் சொன்னார். யாருடைய படத்தைப் பற்றியும் யாரும் வாய் திறக்கக் கூடாது. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது. அழிக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்று நிறுத்தக் கூடாது. படம் போதும் என்று சொல்கிற வரை வரைந்துகொண்டே இருக்க வேண்டும். படம் எந்த வாயால் சொல்லும் என்று கேட்டேன். சிரித்தார். பதில் தெரியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும், ஸ்டேஷனில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அறைத்தோழர் ஈரோட்டுப் பல் டாக்டர் குழந்தைவேலு. வந்ததும் என் வாயைத்தான் பார்த்தார். "கீழ்ப்பல்லு ரெண்டு ஆடுதுங்களா?" என்றார். ஆடுகிறது. அவருக்கு எதற்கு?

பிப்ரவரி 6, செவ்வாய்

கண்ணை மூடி நிற்க வேண்டும். எந்த நிறம் கூப்பிடுகிறதோ அதை எடுக்க வேண்டும். சென்னைப் பெண் ஒருத்தியைக் கறுப்பு கூப்பிட்டது. மதியம் வரை கறுப்பாகவே பூசினாள். டாக்டரைப் பச்சை கூப்பிட்டது. ஏதோ பூதம் போல ஒரு மரம் போட்டார், கிளையெல்லாம் மேலே போகப் போகத் தடித்தது. பொறுக்க முடியவில்லை. பிரஷை வாங்கி இரண்டு இழுப்பில் சரிசெய்து கொடுத்தேன். மைத்ரேயி ஓடி வந்தார். "அது அவரோட மரம் சார்" என்றார். மரம் யாருடையதாக இருந்தாலும் கிளை மேலே போகப் போக மெலியத்தான் செய்யும்.

என்னை எதுவும் கூப்பிடவில்லை. பழுப்பை எடுத்து ஒரு மூக்கு வரைந்தேன். அருமையான மூக்கு. "நீங்க யோசிக்கிறீங்க சார்" என்றார். யோசிக்கிறேன் அம்மா, அதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

இவர்களுக்குத் தொழில் என்றால் என்னவென்று தெரியுமா? எதிரே ஒருத்தி பயந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதலில் முடியைக் கேட்க வேண்டும், பிறகு நெற்றி, காது, மூக்கு, கடைசியில்தான் கண். அவள் சொன்னதைத்தான் வரைய வேண்டும். சொல்லாத இடத்தைப் பட்டும் படாமலும் விட வேண்டும். சொல்லாத மச்சம் வைக்காதே. எனக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதல் நாளே இதைத்தான் சொன்னேன். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மச்சம் நானாக வைத்ததில்லை. சடையாண்டியை நாலே நாளில் பிடித்தது எதனால்? என் படத்தில் இடது புருவத்தின் நடுவே ஒரு வெட்டு இருந்தது. அதே வெட்டு அவனுக்கும் இருந்தது. அதற்காக எஸ்.பி. கொடுத்த சான்றிதழ் ஹாலில் மாட்டியிருக்கிறது. இங்கே எந்தப் பூதமரம் யாரைப் பிடித்தது?

பிப்ரவரி 7, புதன்

வெந்நீர் வரவில்லை. உப்புமா. ஒரு படம். எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

போன் சிக்னல் கிடைப்பது கொய்யாமரத்தடியில் மட்டும். ஆகவே எல்லோரும் அங்கே ரேஷன் கடை வரிசைபோல நிற்கிறோம். வெண்ணிலா வீடியோவில் வந்தாள். பாப்பா நிற்கப் பழகுகிறாளாம். காட்டுகிறேன் என்று போனை அந்த ஆளிடம் கொடுத்தாள். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "தாத்தா பாரு, தாத்தா பாரு" என்று சிரித்தான். அந்தப் பாதிப் புருவத்தோடு ஒரு சிரிப்பு. சின்ன வயதில் கிரிக்கெட் மட்டை பட்டதாம். அதையும் மூன்று வருஷம் முன்பு, நேரில் பார்த்த ஒரே நாளில், யாரும் கேட்காமல் அவனே சொன்னான். பிள்ளைக்கு நல்ல வேளையாக எங்கள் பக்கத்து மூக்கு. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற டாக்டர், "பாப்பாவுக்குப் பல்லு மொளச்சிருச்சுங்களா?" என்று எட்டிப் பார்த்தார். கட் செய்துவிட்டேன்.

மதியம் பேப்பர் முன்னால் நின்றிருந்தேன். மைத்ரேயி பின்னால் வந்து, "எதையும் பிடிச்சு நிறுத்தாதீங்க சார். கை தானா போகட்டும்" என்றார். பிரஷை வாளியில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு கூப்பிடக் கூப்பிட உள்ளே போகவில்லை.

குளிர் தாங்கவில்லை, அதனால்தான்.

பிப்ரவரி 9, வெள்ளி

'கை தானா போச்சு.' அது என் வாக்கியம். நான்தான் சொன்னேன், மூன்று வருஷம் முன்பு, இன்ஸ்பெக்டர் பொன்னுரங்கத்திடம்.

அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் செல்லக்கிளி, செத்துப்போன அம்மாவின் மருமகள். கண்ணால் பார்த்த ஒரே சாட்சி. மூன்று விஷயம் சொன்னாள். தலையில் துண்டு, மீசை, கறுப்பு. அதற்கு மேல் என்ன கேட்டாலும், "அத்தை விழுந்துட்டாங்க, அத்தை விழுந்துட்டாங்க" என்பதுதான். ஒரு மணி நேரம் போயிற்று. பொன்னுரங்கம் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் வெள்ளையாக இருந்தது. வெள்ளைப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. பென்சிலை எடுத்தேன். இருபது நிமிடத்தில் முகம் வந்துவிட்டது. "எப்பிடிய்யா இவ்ளோ சீக்கிரம்?" என்றார் பொன்னுரங்கம். "கை தானா போச்சு சார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். செல்லக்கிளியிடம் படத்தைக் காட்டினோம். தலையை ஆட்டினாள்.

தலையை ஆட்டினாள். அது போதும், சட்டப்படி அது போதும்.

சாயங்காலம் உள்ளே போனேன். இந்தக் கூட்டத்துக்கு உண்மையான வேலை என்றால் என்னவென்று காட்டிவிடலாம் என்று தோன்றியது. பெரிய பேப்பராகக் கேட்டு வாங்கினேன். என் வாழ்நாளின் சிறந்த முகத்தை, அந்தச் சடையாண்டி படத்தையே, நினைவிலிருந்து, நின்றபடி, இந்தப் பிள்ளைகள் கலரில் போட்டேன். இரண்டு முழ உயரம். துண்டை மட்டும் விட்டுவிட்டேன். அச்சு அசலாக வந்தது. மைத்ரேயி பார்த்தார். சட்டப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அசந்துவிட்டார்.

பிப்ரவரி 10, சனி

காலையில் டாக்டர் தன் பச்சைப் பூதத்தின் முன்னால் நின்று அழுதார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. மைத்ரேயி டிஷ்யூ பேப்பர் கொடுத்து, "வரட்டும், வரட்டும்" என்றார். ஜலதோஷத்துக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். படத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனுஷருக்குச் சட்டமும் கிடையாது ஒன்றும் கிடையாது.

"அட, மருமகப்புள்ளைய வரைஞ்சிருக்கீங்களா?" என்றார்.

யார் என்றேன்.

"அவருதானுங்க. பாப்பாவத் தூக்கிட்டு போன்ல சிரிச்சாரே. புருவத்துல வெட்டு, ஒட்டுன காது மடலு. அப்படியேங்க. வாயி மட்டும் சரியா வரல. அவருக்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்குது. நீங்க வாயை மூடி வெச்சுட்டீங்க."

அந்த ஆளுக்குப் பல் இடைவெளி இருப்பது எனக்குத் தெரியாது. சிரித்து நான் பார்த்ததில்லை. போனில் சிரித்தபோது நான் பிள்ளையின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மடையர். பல்லைப் பிடுங்கத் தெரிந்தவருக்கெல்லாம் முகத்தைப் பற்றிப் பேச்சு.

பிப்ரவரி 11, ஞாயிறு

புருவத்தில் வெட்டு ஆயிரம் பேருக்கு இருக்கும்.

அடையாளம் காட்டுகிறவன் எதற்கும் ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. பயந்து சொல்லவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு முறை, சின்னத் திரையில், அரை நிமிடம் பார்த்த முகத்தைச் சொன்னான். காதையும் சேர்த்துச் சொன்னான். முப்பத்தோரு வருஷத்தில் இதைவிடச் சுத்தமான சாட்சி என் எதிரே உட்கார்ந்ததில்லை. அப்படியொரு சாட்சி பல் டாக்டராகப் பிறந்து, என் அறையிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்.

தேதிகளை எழுதிப் பார்க்கிறேன். நவம்பர் 9: வெண்ணிலாவும் அவனும் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு தஞ்சம் கேட்டு வந்தார்கள். எங்கே வந்தார்கள்? எஸ்.பி. ஆபீசுக்கு. நான் வேலை பார்க்கிற கட்டடத்துக்கு. கான்ஸ்டபிள்களெல்லாம் டீ குடிக்கிற சாக்கில் வந்து வேடிக்கை பார்க்க, என்னை எதிரே உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நேரம். மகளை ஏறிட்டுப் பார்க்கப் பிடிக்காமல் அவனையே பார்த்தேன். முடி, நெற்றி, காது, மூக்கு. கடைசியில் கண். பிறகு, எனக்கு இந்தப் பெண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 16: செல்லக்கிளி.

ஏழு நாள்.

பிப்ரவரி 12, திங்கள்

சடையாண்டி லோடுமேன். மூட்டைக் கொக்கி பட்டுப் புருவம் கிழிந்தவன். படம் ஒட்டிய நாலாம் நாள், சந்தையில் யாரோ அந்தப் புருவத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். அடையாள அணிவகுப்பில் செல்லக்கிளி அவனைத்தான் தொட்டாள். அவள் பார்த்தது அவனை அல்ல, என் படத்தை. அதற்குள் ஊர்ச் சுவரெல்லாம் என் படம்தான். மூன்று முறை ஜாமீன் கேட்டு மூன்று முறையும் கிடைக்கவில்லை. அவனிடமிருந்து சங்கிலி கிடைக்கவில்லை, ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் புருவம்தான். அந்தப் புருவத்தை யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. சொல்லாத மச்சம் வைக்காதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மகான் வைத்தது. என் கோபத்துக்கு ஒரு கொலைகாரன் மூஞ்சி தேவைப்பட்டது, வரைந்துகொண்டேன். அதற்குச் சான்றிதழ் வேறு, கண்ணாடிச் சட்டம் போட்டு.

மைத்ரேயியைத் திட்டியே மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். உள்ளுணர்வு ஓவியம் என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு தடவைதான் போட்டேன். ஒருவனை உள்ளே தள்ளினேன்.

பொன்னுரங்கத்துக்கு போன் செய்தேன். இப்போது வேறு மாவட்டத்தில் டி.எஸ்.பி. பொறுமையாகக் கேட்டார். "வயசான காலத்துல ஏன்யா? சாட்சி சொன்னுச்சு, வரைஞ்சேன்னு சொல்லிட்டுப் போ. நீ கையெழுத்துப் போட்ட ஸ்டேட்மெண்ட் இருக்கு. மாத்திச் சொன்னா உன் மருமகன் படத்தைக் கொலைகாரன்னு ஊரெல்லாம் ஒட்டினேன்னு கோர்ட்லயே சொல்லணும். உன் பொண்ணு மூஞ்சில முழிப்பாளா?"

முழிக்க மாட்டாள். மூன்று வருஷம் கழித்து அப்பா என்றிருக்கிறாள். ஒரு வாரம்தான் ஆகிறது. நான் உண்மையை விழுங்கினால் பேத்தி என் மடியில் நிற்பாள். துப்பினால் சடையாண்டி வெளியே வருவான், அவள் போய்விடுவாள். கணக்கு அவ்வளவு சுலபம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கடைசி நாள். சாயங்காலம் முற்றத்தில் விறகு அடுக்கியிருந்தார்கள். வரைந்ததையெல்லாம் எரிக்க வேண்டுமாம். விட்டு விடுதலையாவதாம். ஒவ்வொருவராகப் போய்ப் போட்டார்கள். சென்னைப் பெண்ணின் கறுப்பு அழகாக எரிந்தது. டாக்டர் பூதமரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போட்டார். என் முறை வந்தது. தர மாட்டேன் என்றேன்.

"பற்றை விடணும் சார். இது உங்களோட பழைய வலி. விட்டுருங்க."

"விடுறதுக்கு இது என்னோடது இல்லம்மா. இது இன்னொருத்தன் ஜெயில்ல கெடக்குறதுக்குச் சாட்சி. நெருப்புல போட்டா நான் லேசாயிடுவேன், அவன் உள்ளயே இருப்பான். நல்லா இருக்கே உங்க ஞானம்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மைத்ரேயிக்கு முகம் சிவந்தது. தாழ்ந்த குரலெல்லாம் எங்கே போயிற்றோ. "ஏனுங்க, ஒம்போது நாளா என்னைய எளக்காரமாப் பாத்துட்டே திரியறீங்க. நானுந்தான் கம்முனு இருக்கறேன். எரிக்கோணும்னு உங்களை யாருங்க புடிச்சு இழுத்தா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லோணும், அதைய வுட்டுட்டு என்ற பொழப்பைய ஏனுங்க பேசறீங்க?" அசல் பொள்ளாச்சி. ஒன்பது நாளில் அவர் பேசியதில் இது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. மன்னிப்புக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு துண்டு பி.வி.சி. பைப்பை எடுத்துக்கொண்டு வந்தார். "மடிச்சீங்கன்னா பெயிண்ட் உதுந்துருமுங்க. சுருட்டி இதுக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போங்க" என்றார். படத்தில் இருப்பது யார் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 17, சனி

அவர்கள் வீட்டில் மூன்று நாளாக இருக்கிறேன். பைப் கட்டிலடியில் இருக்கிறது.

வந்த அன்றே சொல்லிவிடுவதாக இருந்தேன். வெண்ணிலா மீன்குழம்பு வைத்திருந்தாள், அவள் அம்மா கைப்பக்குவம். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். சாப்பிட்டதும் பாப்பாவை மடியில் போட்டாள். நேற்றுச் சொல்லியிருக்கலாம், அந்த ஆள் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து எனக்காக ஹீட்டர் மாட்டிக்கொண்டிருந்தான். "மலையில வெந்நி இல்லாமக் கஷ்டப்பட்டீங்களாமே மாமா." ஸ்டூல் மேல் நின்று, வாயில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு பேசினான். பல் இடைவெளியைப் பார்த்தேன். இருக்கிறது.

இன்று பிறந்தநாள். கேக். பாப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறேன், மாட்டிக்கொள்ளும் வரை சாப்பாட்டை ருசித்துச் சாப்பிடுகிறவர்கள். இந்த வீட்டில் அப்படி ஒருவன் கேக் தின்றுகொண்டிருந்தான். இரண்டு துண்டு.

பிப்ரவரி 18, ஞாயிறு

சொல்லவில்லை. கோழை.

பிப்ரவரி 19, திங்கள்

தனியாகப் போகிறேன் என்றேன். கேட்கவில்லை. "பெரிய கேஸுல சாட்சி சொல்லப்போறீங்க, நாங்க பாக்க வேண்டாமா?" என்றாள் வெண்ணிலா. அவன் கார் எடுத்தான். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

வராந்தாவில் சடையாண்டியின் பெண்சாதி மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறவளாம். சடையாண்டியை அழைத்து வந்தார்கள். அவனை நேரில் நான் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஒல்லியாக இருந்தான். புருவத்தைத் தவிர என் படத்துக்கும் அவனுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. காது வேறு, தாடை வேறு.

கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் படத்தைக் காட்டி, "இது நீங்க வரைஞ்சதுதானே? சாட்சி சொன்ன அடையாளத்தை வெச்சுத்தானே வரைஞ்சீங்க?" என்றார். ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடம். அந்த ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை எழுதாமல் விட்டால் இந்த டைரிக்கு அர்த்தமில்லை.

"சாட்சி மூணு அடையாளம் சொன்னாங்க. துண்டு, மீசை, கறுப்பு. மத்ததெல்லாம் நானா வரைஞ்சது" என்றேன்.

அரசு வக்கீல் என்னை முறைத்துவிட்டு, பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். என் பழைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். கையெழுத்து என்னுடையதுதான், அதில் உள்ளது பொய் என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பையன். எதிர்பார்க்காமல் எழுந்ததால் நாற்காலி சாய்ந்தது.

"அந்தப் புருவ வெட்டு?"

"சாட்சி சொல்லல."

"இன்ஸ்பெக்டர் சொன்னாரா?"

"யாரும் சொல்லல."

"சொல்லாம எப்படிங்க வந்துச்சு?"

கையோடு கொண்டுவந்திருந்த பைப்பைத் திறந்தேன். சுருளை விரித்துப் பிடித்தேன், என் இரண்டு கையும் விரிந்த அகலத்துக்கு. கோர்ட்டில் ஒரு சலசலப்பு. "அந்த வாரம் எனக்கு ஒருத்தர் மேல ஆத்திரம். அவர் மூஞ்சியை வரைஞ்சுட்டேன். இதுல துண்டு இல்லாம இருக்கு, பாத்தாத் தெரியும்."

"யாரு அவரு?"

சொன்னேன். டைப் அடிக்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். ஜட்ஜ், "கேக்கல. சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

"என் மருமகன்."

"பேரு?"

"அமலன்."

டைப் அடித்தார்கள். அவன் பெயரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. இந்த டைரியில் எழுதுவதும் இப்போதுதான். மருமகன் என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை, அதுவும் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு.

கடைசி பெஞ்சில் வெண்ணிலா எழுந்து வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அமலன் இருந்த இடத்திலேயே இருந்தான். விரல் மட்டும் புருவத்துக்குப் போயிற்று.

நான் இறங்கி வெளியே வந்தபோது கார் பக்கத்தில் நின்றிருந்தான். மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, வராந்தாவில் மஞ்சள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு வருஷமா என் மூஞ்சிக்காக அவரு உள்ள இருந்திருக்காரு" என்றான். பிறகு அந்த அம்மாவின் பக்கம் நடந்தான். நான் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தேன்.

சான்றிதழைக் கழற்றிவிட்டேன். சுவரில் சதுரமாக ஒரு வெள்ளை.

பிப்ரவரி 23, வெள்ளி

போன் இல்லை. நானும் செய்யவில்லை. பொய் வாக்குமூலத்துக்கு என் மேல் நடவடிக்கை வரலாம் என்று பொன்னுரங்கம் ஆள் விட்டுச் சொன்னார். வரட்டும்.

ஒரு தட்டையும் விட்டெறியவில்லை. விட்டெறிய அருகதை இல்லை.

பிப்ரவரி 28, புதன்

காலையில் அமலன் போன் செய்தான். மாமா என்று கூப்பிடவில்லை.

"சடையாண்டிக்கு ஜாமீன் குடுத்துட்டாங்க. ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். அந்தம்மாவுக்குச் சொந்த வீடு இருக்குறவங்க யாரும் தெரியாதாம். ஒண்ணு நான் போடுறேன். இன்னொண்ணுக்கு ஆள் வேணும்."

நான் போடலாமா, நான் அந்தக் கேஸில் சாட்சி ஆயிற்றே என்றேன்.

"வக்கீல்கிட்டக் கேட்டேன். தடை இல்லயாம். வீட்டு வரி ரசீது, ஆதார், ரெண்டு போட்டோ. பத்தரைக்கு கோர்ட் வாசல்ல இருங்க."

வெண்ணிலா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "பேச மாட்டேங்குறா" என்றான். "உங்ககிட்ட மட்டும் இல்ல, யார்கிட்டயும்." வைத்துவிட்டான்.

ரசீதைத் தேடி எடுத்தேன். பீரோவில் அவள் அம்மாவின் புடவைக்கு அடியில் இருந்தது. போட்டோ இல்லை, பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷேவ் செய்ய வேண்டும். மணி எட்டே முக்கால் ஆகிறது. சுப்பீரியர் கம்பெனி டவுன் பஸ் ஒன்பது பத்துக்கு வரும், அதற்கு முன்னால் போய் நிற்கிறேன்.